பழுப்பு லேஸ்

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் குட்டியும் சுகம். என் முதுகு மட்டும் வழக்கம்போல என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. உன் காது எப்படி? அத்தானுக்கு இருமல் விட்டதா?

ஒரு சேதி. சிறை ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் தூக்கித் தனிக்கொட்டடியில் போட்டுவிட்டார்கள். பயப்படாதே, கதவுக்கு வெளியேதான். ஒரு நீள வராந்தா, இருபத்திரண்டு இரும்புக் கதவு, கதவுக்கு ஓர் ஆள். நாளில் இருபத்துமூன்று மணி நேரம் உள்ளேயே கிடப்பார்கள். மிச்ச ஒரு மணி நேரம் முற்றம், வர மறுத்தவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தினமும் காலையில் ஒரு நர்ஸ் போய், ஒவ்வொருவனுக்கும் மனநிலை சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும் என்பது விதி. மூன்று கேள்வி. சாப்பிட்டியா, தூங்கினியா, மனசுல வேண்டாத யோசனை ஏதாவது இருக்கா. பதில் வந்ததும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கதவு. எனக்கு முன்னால் இருந்தவர் முக்கால் மணி நேரம் எடுப்பாராம். நான் பதினோரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். வார்டர் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

கதவில் கண் உயரத்தில் ஒரு கண்ணாடித் துளை உண்டு. போன தடவை பெயிண்ட் அடித்தவன் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டான். கீழே தரையை ஒட்டிச் சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவு ஓர் இடைவெளி. பேச்செல்லாம் அதன் வழியாகத்தான்.

நேற்று அவசரத்தில் இடது ஷூ லேஸ் அறுந்துபோனது. பழைய ஷூவிலிருந்து ஒரு பழுப்பு லேஸை உருவிக் கோத்துக்கொண்டேன். ஒரு கால் கறுப்பு, ஒரு கால் பழுப்பு. உன் தம்பி பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "முட்டிக்குக் கீழ யாரு பாக்கப்போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 15

என் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அத்தானின் இருமல் அவரைவிடத் தெம்பாக இருக்கிறது. முப்பது வருஷம் தையல் மெஷின்களுக்கு நடுவில் கிடந்த காது இனிமேலா திருந்தப்போகிறது? போனில் நீ சொல்வது எனக்குக் கேட்பதற்குள் தெருவுக்கே கேட்டுவிடும். அதனால் சோம்பல் படாமல் எழுது.

பதினோரு நிமிஷத்தில் இருபத்திரண்டு பேரா? ஆளுக்கு அரை நிமிஷம். ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் பார்க்கவே எனக்கு அதைவிட நேரம் ஆகும். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் பார்த்துவிட்டு, அதன் பையில் 'பரிசோதித்தவர் 14' என்று என் சீட்டைப் போட்டு அனுப்புகிறேன். போன மாதம் ஒரு பெட்டி திரும்பி வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் மேனேஜர், "யாரும்மா அந்தப் பதினாலு?" என்று கேட்டார். கையைத் தூக்கினேன். இந்த வயசில் வகுப்பில் நிற்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நீ ரொம்ப எக்ஸ்பிரஸ் ஆகாதே.

கறுப்பு லேஸ் ஒரு ஜோடி இதோடு வைத்திருக்கிறேன். மாற்றிக்கொள். பிள்ளை பெற்றவன் இப்படியா திரிவாய்?

இன்னொன்று. அந்த அறைகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவு என்றாலே எனக்கு என்னவோ செய்யும். குட்டி என்ன படிக்கிறாள், பல் விழுந்ததா, அதை எழுது.

இப்படிக்கு, பதினாலாம் நம்பர் அக்கா

*

பிப்ரவரி 5

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். குட்டிக்கு முன் பல் இரண்டும் விழுந்து, பாட்டுப் பாடினால் காற்றுதான் வருகிறது. லேஸ் வந்து சேர்ந்தது. மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. குனிந்து மாற்ற முதுகு இடம் கொடுக்க வேண்டுமே.

அறைகளைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். அங்கே இருக்கிற ஆட்களைப் பற்றி எழுதலாம் இல்லையா? பத்தாம் எண்ணில் இருப்பவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாய் மூடவே மூடாது. யாரும் கேட்காவிட்டாலும் காலையில் வானிலை சொல்வான். ஒன்பதாம் எண்ணில் ஒரு தச்சன். சிறைப் பட்டறையில் உளியை ஒளித்து வைத்தான் என்று கொண்டுவந்து போட்டார்கள். வந்த புதிதில் ஒரு நாள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டான். பதில் சொல்லாதவனைக் 'கட்டில் அறை'க்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இங்கே விதி. வார் போட்டுக் கட்டுகிற கட்டில். மூன்று நாள் இருந்துவிட்டு வந்தான். இப்போது ரொம்ப ஒழுங்கு. "சாப்பிட்டேன், தூங்கினேன், ஒண்ணுமில்ல." தினமும் அதே மூன்று வார்த்தை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. எனக்கு மிச்சமாகிற நேரத்தில் பாதி அவனால்தான்.

தனிக்கொட்டடியைச் சீர்திருத்த ஒரு குழு வரப்போகிறதாம். வராந்தாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். என் தாளெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சூப்பிரண்டே சொன்னார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

மார்ச் 7

தம்பிக்கு,

நலம்தானே? ஒரு மாதமாக எழுத்து இல்லை. குட்டிக்குக் காய்ச்சலா? உன் முதுகா? இரண்டு தடவை தபால்காரரை வழிமறித்துக் கேட்டுவிட்டேன். அவர் இப்போது என் தெருவுக்கு வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வருகிறார்.

நேற்று அத்தான் பேப்பரில் ஏதோ படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். எடுத்துப் பார்த்தேன். எந்தச் சிறை என்று போடவில்லை. ஒரு தாள் போதும், எழுது.

அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. குட்டியும் நன்றாக இருக்கிறாள். நீ பேப்பரில் பார்த்தது இங்கே நடந்ததுதான்.

குழுவில் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். என் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே வரிசையாகச் 'சரி'. "இவரு ரொம்ப நல்லா இருக்கார் போல. இவர்கிட்டயே பேசலாமே" என்றார். கதவைத் திறந்தார்கள்.

தச்சன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். கன்னம் தரையில், முகம் கதவுப் பக்கம். எலும்பும் தோலும். பாதிச் சாப்பாடு தட்டிலேயே திரும்பிப் போயிருக்கிறது, யாரும் ஏன் என்று பார்க்கவில்லை. ஒரு பக்க இடுப்பில் படுக்கைப்புண். நாங்கள் இத்தனை பேர் நிற்கிறோம், இமை மட்டும்தான் அசைந்தது. டாக்டரம்மா அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன், தூங்கினேன், ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தது. தச்சனின் வாய் அசையவே இல்லை, அக்கா. குரல் பக்கத்துக் கதவுக்குக் கீழேயிருந்து வந்தது. ரேடியோ. குழு வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. யாரோ கேட்கிறார்கள் என்று பதில் சொல்லிவிட்டான். நாற்பத்தொரு நாளாக அவனேதான் சொல்லியிருக்கிறான். அந்த வராந்தாவில் சத்தம் எந்தக் கதவிலிருந்து வருகிறது என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

தச்சனை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. ஊழியர்களைத் திட்டமிட்டு ஏமாற்றியதாக ரேடியோ மேல் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாருமே ஏமாந்துபோனோம். எனக்கு ஒன்றும் ஆகாது, நீ கவலைப்படாதே.

உன் தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. கடிதத்தை நான்கு தடவை படித்தேன்.

யார் கேட்டாலும் ஏமாந்துவிட்டேன் என்றே சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். குட்டி படிக்கிற பிள்ளை. நீங்கள் இருப்பது சிறைக் குடியிருப்பு. வேலை போனால் வீடும் போகும். சில விஷயங்களை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டால் நாளாக ஆக ஊர் மறந்துவிடும். எனக்குத் தெரியும்.

ஒன்றுதான் மனசை உறுத்துகிறது. குரல் ஏமாற்றலாம். கண் எப்படி ஏமாந்தது? பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. சரி, நான் கேட்கவில்லை. நீயும் பதில் எழுத வேண்டாம்.

வெந்நீர் ஒத்தடம் கொடு, முதுகுக்கு.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் எழுத மாட்டேன்.

நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்றால் தரையில் கை ஊன்றித் தலையைச் சாய்க்க வேண்டும். முதல் நாள் ஒரு கதவில் செய்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, வார்டர் சிரித்தார். அதோடு விட்டேன். நின்றபடி கேட்டேன், நின்றபடி எழுதினேன். சில நாள் கேள்வியை முடிப்பதற்குள் 'சரி' எழுதியிருப்பேன். முதுகைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், பார். இருபத்திரண்டு கதவில் ஒரு கதவுக்காவது குனிந்திருக்கலாம். எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை. அதுதான் நிஜம்.

உன்னிடம் மறைத்தது இன்னொன்றும் இருக்கிறது. கதவு திறந்த மறுநாளே சூப்பிரண்டு ஒரு தாளை நீட்டினார். 'தினமும் நேரில் பார்த்தேன், பத்தாம் எண் கைதி குரல் மாற்றி ஏமாற்றினான்' என்று தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்தத் தாளை வைத்து ரேடியோவுக்கு இன்னும் ஆறு மாதம் தனிக்கொட்டடி எழுதியிருக்கிறார்கள். ஜூன் 12 குழு விசாரணை. நான் அந்தத் தாளில் உள்ளதையே வாயாலும் சொல்லிவிட்டால் அது உறுதியாகிவிடும்.

ரேடியோவிடம் போய், ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். இந்தத் தடவை குனிந்துதான் கேட்டேன். "பதில் வரலைன்னா கட்டில்ல கட்டிருவீங்க. அன்னிக்கு அவன் திரும்பி வந்து அழுத அழுகையை நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டவன் சார். நாலு நாள்ல தேறிருவான்னு நெனச்சேன். தேறல. அப்புறம் நிறுத்தவும் பயம்" என்றான். பிறகு, "நானும் தப்புதான் பண்ணிட்டேன், இல்ல?" என்று என்னைக் கேட்டான். என்னைப் போய்க் கேட்டான், அக்கா. வெட்கத்தில் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன். இப்போது அந்த வராந்தாவில் வானிலை சொல்ல ஆளில்லை.

இனி உன்னிடம் ஒரு கேள்வி. நாம் சின்ன வயதில் இருந்த வீட்டில், பின்னறைப் பக்கம் டொக் டொக்கென்று சத்தம் வரும். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது என்று நீ சொல்வாய். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம். இத்தனை வருஷமாக அது ஞாபகத்துக்கு வந்ததே இல்லை. தச்சனைப் பார்த்த நாளிலிருந்து அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அது குழாய்தானா, அக்கா?

உன் தம்பி

*

மே 29

தம்பிக்கு,

எட்டு வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதிக் கிழித்தது ஐந்து தடவை. இப்போது எழுதப்போவது அத்தானுக்கே தெரியாது, அவர் கேட்டதும் இல்லை.

அது குழாய் இல்லை.

உனக்குப் பிறகு பிறந்த குழந்தை தங்காமல் போனதும் அம்மாவுக்கு மனசு கலங்கிவிட்டது. தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அப்பாவுக்கு ஊர் வாய்க்குப் பயம். ஒரு நாள் பின்னறைக்கு வெளியே தாழ்ப்பாள் அடித்தார். எனக்குப் பதினாறு வயது. தட்டு வைப்பதும் எடுப்பதும் என் வேலை. எங்கே உங்க அம்மா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், பெரியம்மா வீட்டுக்கு என்று சொல்வதும் என் வேலை. கண்ணைச் சிமிட்டாமல் சொல்வேன். பதினொரு மாதம் சொன்னேன்.

அம்மா தட்டால் கதவைத் தட்டுவாள். "பெரியவளே, தெறயேன்" என்பாள். கத்த மாட்டாள், சாதாரணமாகத்தான் கேட்பாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும், "எப்படி இருக்கா?" என்பார். "சரியா இருக்காங்கப்பா" என்பேன். நீ தாளில் எழுதியது போல.

ஒரு நாள் சத்தம் நின்றது. அன்று நான் ஓடிப்போய்த் திறந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாளும் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் அப்பாதான் திறந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து போனாள். பெரியம்மா வீட்டில் காய்ச்சலில் போனாள் என்று உனக்குச் சொன்னதும் நான்தான்.

காது மந்தமானதும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் ரேடியோ அந்த மனுஷனைக் காப்பாற்ற நினைத்துப் பொய் சொன்னான். நான் நம் வீட்டு மானத்தைக் காப்பாற்றச் சொன்னேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. வாயை மூடிக்கொண்டு இரு என்று போன கடிதத்தில் எழுதியதைக் கிழித்துப் போடு. ஊர் மறந்துவிடும் என்றேன். ஊர் மறந்துதான் போனது. எனக்கு நாற்பது வருஷமாக அந்த வீட்டிலிருந்து வெளியே வர முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். வீடு போனால் இங்கே வாருங்கள். முன்னறையைக் காலி செய்து வைக்கிறேன்.

என்னைத் திட்டி எழுதினாலும் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை. கோபம் இருக்கிறது. பதினாறு வயதுப் பெண் தனியாக அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நினைத்தால் அழுகையும் வருகிறது. இரண்டையும் நேரில் வந்து உன்னிடம் கொட்டுகிறேன்.

விசாரணையில் அந்த டாக்டரம்மாவே எதிரில் இருந்தார்.

"தினமும் பார்த்தீங்களா?"

"தினமும் கேட்டேன்."

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"இல்லைங்க. ஒரு நாள்கூடப் பார்க்கல. அந்தத் தாள்ல இருக்கறது பொய். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

சூப்பிரண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார், பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் என்னைத் தற்காலிக நீக்கத்தில் வைத்தார்கள். குடியிருப்பை மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோவின் ஆறு மாதத்தை ரத்து செய்து, மற்றக் கைதிகளோடு சேர்ந்து இருக்கிற பொதுக் கொட்டடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவன் வானிலை தாங்க முடியவில்லை என்று அதற்குள் புகாராம். இனி நர்ஸ் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்றும், கட்டில் அறையை மூடிவிட வேண்டும் என்றும் குழு எழுதியிருக்கிறது. எத்தனை நாள் நடக்குமோ தெரியாது. நடந்தால் செய்யப்போவது நான் இல்லை.

நேற்று தச்சரைப் பார்க்க வெளி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னை யாரென்றே தெரியாது என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னார். அது சரிதான், என் முகத்தை அவர் பார்த்ததே இல்லையே. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைகளைப் போர்வைக்கு மேலே வைத்திருந்தார். பெரிய கைகள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அவர் தலையைத் தூக்கவில்லை. கண்களை மட்டும் கீழே இறக்கினார். ரொம்ப நேரம் என் காலையே பார்த்தார்.

"இன்னும் மாத்தலையா?" என்றார்.

"எதைங்க?"

"லேஸு."

நாற்பத்தொரு நாளும் அவர் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அந்த இடைவெளி வழியாக, நான் வந்து நின்றதையும் போனதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், அக்கா.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேனா, மனசுக்குள்ளேயே நினைத்தேனா என்று தெரியவில்லை. பிறகு, "தூங்கினீங்களா?" என்று கேட்டேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை பதிலுக்குக் காத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாளைக்கும் போகிறேன்.

உன் தம்பி